நம்பர் பூட்டு - கொஞ்சம் அனுபவம், கொஞ்சம் புலம்பல்

பொட்டி தட்டுற வேலையில இருக்கிறவனுக்கு கரண்ட்ல ஓடுற எல்லாமே தெரியும்னு நம்ம ஊர்ல ஒரு அசைக்க முடியாத நம்பிக்கை இருக்கு. ப்ரிண்டர்ல பேப்பர் மாட்டினா கூப்பிடுவாங்க. டி.வி.யில சத்தம் வரலைன்னா கூப்பிடுவாங்க. போன ஒரு வருஷமா எங்க குடியிருப்புல புது கேள்வி ஒண்ணு ஓடிட்டிருக்கு. "உங்க வீட்டு கதவுல நம்பர் பூட்டு போட்டிருக்கீங்களே, எப்படி இருக்கு? வாங்கலாமா?"

வாங்கலாம். ஆனா கூடவே சொல்ல நிறைய இருக்கு. லிஃப்ட்டுல மூணாவது மாடிக்கு போறதுக்குள்ள சொல்லி முடிக்கிற விஷயம் இல்லைங்கறதால இங்க எழுதிடறேன். கடைசியில கொஞ்சம் வெக்கக்கேடான சமாச்சாரமும் இருக்கு. அதை லிஃப்ட்டுல யார்கிட்டயும் சொல்றதில்லை.

முதல்ல கொசுவத்தி. 2024 ஜூன் மாசம், ஆறு மாசத்துல மூணாவது தடவையா நான் வீட்டுச் சாவியை தொலைச்சேன். ஒவ்வொரு தடவையும் பள்ளிக்கரணையிலேர்ந்து வேளச்சேரி போய் ஆளைக் கூட்டிட்டு வந்து பூட்டை மாத்தினதுல ஆன செலவை தங்கமணி ஒரு பேப்பர்ல கூட்டிக் காட்டினாங்க. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம்பர் பூட்டு வந்திடுச்சு. மாட்ட வந்த பையன் கதவுல ஓட்டை போட்டு, பூட்டை மாட்டி, "சார், 123456 அடிச்சு ஹாஷ் அமுக்குங்க, திறக்கும்"னு செஞ்சு காட்டிட்டு கையெழுத்து வாங்கிட்டு போயிட்டான். அந்த 123456-தான் மாஸ்டர் நம்பர்னும், அதை மாத்தணும்னும் அவன் சொல்லவே இல்லை. கையேட்டுல பதினோராவது பக்கத்துல பொடி எழுத்துல இருந்துச்சு. எங்க பிளாக்குல அதே பூட்டு போட்டிருக்கிற இன்னொரு வீட்டுல விளையாட்டா கேட்டுப் பார்த்தேன். ஆமாம், 123456-தான், நாலு மாசமா!

இதுல சிரிக்க ஒண்ணும் இல்லை. 2012-ல டேட்டாஜெனடிக்ஸ் தளத்துல நிக் பெர்ரிங்கறவர், திருடு போய் வெளியே கசிஞ்ச பாஸ்வேர்டு குவியல்கள்ல இருந்து நாலு இலக்க நம்பர்களை மட்டும், சுமார் 34 லட்சம், பொறுக்கி எடுத்து எண்ணிப் பார்த்தார். அதுல கிட்டத்தட்ட 11 சதவீதம் 1234. அடுத்தது 1111, 6 சதவீதம். அதுக்கப்புறம் 19-ல ஆரம்பிக்கிற வருஷங்கள், அதாவது பிறந்த வருஷம். அவையெல்லாம் பூட்டு நம்பர்கள் இல்லைதான், ஆனா நம்பரைத் தேர்ந்தெடுக்கிற மண்டை அதே மண்டைதானே. பத்தாயிரம் நம்பர் இருக்குன்னு பேரு, நாம சுத்திச் சுத்தி வர்றது இருபது நம்பருக்குள்ள.

அதனால பூட்டு வாங்கினவுடனே முதல் வேலை மாஸ்டர் நம்பரை மாத்தறது. அதைக் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு பண்ணுங்க. நாக்கை (அதாங்க, வெளியே நீட்டற அந்த இரும்புக் கட்டை) கதவு திறந்திருக்கும்போதே நீட்டி, புது நம்பரை அடிச்சு உள்ளே இழுத்துப் பாருங்க. மூணு தடவை சரியா இழுத்தா மட்டும் கதவைச் சாத்துங்க. ப்ரொடக்‌ஷன் சர்வர்ல பாஸ்வேர்டு மாத்தினா பழைய கனெக்‌ஷனை மூடாம, இன்னொரு ஜன்னல்ல லாகின் ஆகிப் பார்த்துட்டுதான் மூடுவோம், இல்லையா? அதே கதைதான். இதைச் செய்யாம புது நம்பரை தப்பா அடிச்சு, கதவையும் சாத்திட்டு, லுங்கியோட வராண்டாவுல நின்ன ஒரு பி.டெக். எனக்குத் தெரியும். அவன் யாருன்னு கேக்காதீங்க :-)

மாஸ்டர் நம்பரை வச்சு கதவு திறக்காதீங்க. அது நம்பர் சேர்க்க, நீக்க மட்டும். வீட்டுல ஆளுக்கு ஒரு நம்பர் தனித்தனியா கொடுங்க. எல்லாருக்கும் ஒரே நம்பர் கொடுத்தா, ஒருத்தர் வேலையை விட்டு நின்னாக்கூட எல்லாரும் புதுசா மனப்பாடம் பண்ணணும். இன்னொரு விஷயமும் இருக்கு, பட்டன் தேய்மானம். ஒரே நாலு பட்டனை வருஷக்கணக்கா அமுக்கினா அந்த நாலுலயும் எழுத்து அழிஞ்சு பளபளன்னு ஆயிடும். பார்க்கிறவனுக்கு நாலு இலக்கம் தெரிஞ்சு போச்சுன்னா வரிசை மட்டும்தான் பாக்கி. 24 வரிசைதான் இருக்கு. டீ குடிச்சுக்கிட்டே அடிச்சுப் பார்த்திடலாம். வேடிக்கை என்னன்னா, நாலு இலக்க நம்பர்ல ஒரு எண் ரெண்டு தடவை வர்ற மாதிரி வச்சா, தேய்ஞ்சது மூணு பட்டன்தான், ஆனா சாத்தியம் 36 ஆயிடும். குறைவா தடயம், நிறைய வேலை. காலேஜ்ல பெர்முடேஷன் வகுப்புல தூங்கினவங்க ஒரு பேப்பர்ல போட்டுப் பாருங்க.

தொடுதிரை மாதிரி வர்ற பூட்டுகள்ல தேய்மானம் கிடையாது, ஆனா விரல் எண்ணெய்த் தடம் இருக்கும். அதுக்காக ஒரு வசதி வச்சிருக்காங்க. உங்க நம்பருக்கு முன்னாடியும் பின்னாடியும் இஷ்டத்துக்கு குப்பை நம்பர் அடிக்கலாம். நடுவுல உங்க நம்பர் சரியா வந்தா கதவு திறந்துக்கும். பக்கத்துல நிக்கிறவருக்கு ஒண்ணும் புரியாது. நல்ல வசதிதான். ஆனா எனக்கு உடனே டி பிரைன் ஞாபகம் வந்திடுச்சு.

டி பிரைன் ஒரு டச்சு கணித மேதை. 1946-ல அவர் எழுதின கட்டுரையால பேர் வந்த ஒரு வரிசை இருக்கு. ஒண்ணோட ஒண்ணு மேல ஏறி உக்கார்ற மாதிரி எண்களை அடுக்கினா, எல்லா நாலு இலக்க நம்பரும் உள்ளே அடங்கிடும். பத்தாயிரம் நம்பரையும் தனித்தனியா அடிச்சா 40,000 அமுக்கு. இப்படி அடுக்கினா 10,003 போதும். (நம்மாளுங்க சும்மா இருப்பாங்களா? சமஸ்கிருத யாப்புல எட்டு கணங்களையும் ஞாபகம் வச்சுக்க "யமாதாராஜபானஸலகாம்"னு ஒரு சூத்திரம் உண்டு. பத்து அசைக்குள்ள மூணு மூணா எடுத்தா எட்டு குறில் நெடில் அமைப்பும் வந்திடும். அதே சங்கதிதான்.) அப்போ, நடுவுல நம்பர் வந்தா திறக்கிற பூட்டுல, 20 இலக்கம் ஒரே மூச்சுல அடிச்சா 17 நாலு இலக்க நம்பரை ஒரே முயற்சியில சோதிச்சாச்சு. அஞ்சு தப்புக்கு அப்புறம் பூட்டு சில நிமிஷம் முரண்டு பிடிக்கும். அதுக்குள்ள 85 நம்பர் போயிருக்கும், ஐந்து இல்லை. ஆறு இலக்க நம்பர் வச்சா, பத்து லட்சத்துல 75. அதுக்கு பொறுமையா உக்கார்ந்து பண்ற திருடன் எங்க தெருவுல இல்லை. அதனால இந்த வசதி இருக்கிற பூட்டுல நாலு இலக்கம் வேணவே வேணாம், ஆறு வைங்க. என் முழு ஆராய்ச்சியோட பலன் இவ்வளவுதான்.

சரி, ரிப்பேர் புராணத்துக்கு வருவோம்.

அக்டோபர் 2024, மழை ஆரம்பிச்ச ரெண்டாவது வாரம். நம்பர் அடிச்சா மோட்டார் "ர்ர்ர்"னு உறுமும், நாக்கு பாதி வந்து நிக்கும், சிவப்பு விளக்கு எரியும், மூணு தடவை கத்தும். நான் என்ன பண்ணினேன்? சாப்ட்வேர்காரன் என்ன பண்ணுவானோ அதைப் பண்ணினேன். பேட்டரியைக் கழட்டி மாட்டினேன். சரியாகலை. எல்லா நம்பரையும் அழிச்சு ஃபேக்டரி ரீசெட் பண்ணினேன். ஃபர்ம்வேர்ல பிரச்சினைன்னு ஒரு ராத்திரி முழுக்க தேடினேன். கம்பெனி உதவி எண்ணுல 40 நிமிஷம் பாட்டு கேட்டேன்.

மறுநாள் கீழ்வீட்டுல அலமாரி வேலை பார்த்துக்கிட்டிருந்த ஆசாரி அண்ணன் மேல வந்து பார்த்தார். பூட்டைத் தொடவே இல்லை. கதவைத் திறந்தார். "இப்ப நம்பர் அடிங்க தம்பி." அடிச்சேன். நாக்கு வெண்ணெய்ல கத்தி இறங்கின மாதிரி வழுக்கிக்கிட்டு வந்துச்சு. "பூட்டு நல்லாத்தான் இருக்கு. கதவுதான் மழைக்கு ஊதிக்கிச்சு." நிலையில நாக்கு நுழையற தகட்டு ஓட்டையை அரத்தால ஒரு ரெண்டு மில்லிமீட்டர் ராவி விட்டார். பத்து நிமிஷம். நூறு ரூபா கொடுத்தேன், சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டார். அந்த சிரிப்புக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும்.

வேற எதை மறந்தாலும் இந்த சோதனையை மறக்காதீங்க. கதவைத் திறந்து வச்சு பூட்டை ஓட்டிப் பாருங்க. திறந்திருக்கும்போது சரியா ஓடி, சாத்தினா முரண்டு பிடிச்சா, குத்தம் மரத்துலயோ நிலையிலயோ கீல்லயோ இருக்கு, பூட்டுல இல்லை. மரக்கதவு போட்ட வீட்டுல, வடகிழக்குப் பருவமழை சமயத்துல இந்தப் புகார் வந்தா முதல்ல ஆசாரியைத்தான் கூப்பிடணும். உதவி எண்ல இருக்கிற பொண்ணு இதைச் சொல்லாது. அவங்ககிட்ட இருக்கிற பட்டியல்ல "கதவு ஊதிக்கிச்சா?"ங்கற கேள்வி கிடையாது.

அந்த ரெண்டு வாரம் மோட்டார் திணறினதுக்கு விலை அப்புறம் கொடுத்தேன். சிக்கிக்கிட்ட மோட்டார் சாதாரணமா இழுக்கறதை விட பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஒரு வருஷம் வரும்னு போட்டிருந்த பேட்டரி பாதியிலயே வத்திப் போச்சு. மாத்தும்போது நான் புத்திசாலித்தனமா சார்ஜ் பண்ற செல் நாலு வாங்கிப் போட்டேன், சுற்றுச்சூழல் பாருங்க. அல்கலைன் செல் ஒண்ணு 1.5 வோல்ட், நாலு சேர்ந்தா 6. சார்ஜ் பண்ற நிக்கல் செல் 1.2, நாலு சேர்ந்தா 4.8. அதோட, அல்கலைன் மாதிரி இது கொஞ்சம் கொஞ்சமா இறங்காது. கடைசி வரைக்கும் அதே வோல்டேஜ்ல நின்னுட்டு பொத்துனு விழும். பூட்டுல இருக்கிற "பேட்டரி குறைவு" எச்சரிக்கை, அல்கலைன் இறங்கற வேகத்தை வச்சு எழுதினது. லித்தியம் செல்லுக்கும் இதே கதிதான். சுவர்க் கடிகாரத்துல போடுற மலிவு ஜிங்க் செல் இன்னும் மோசம், மோட்டார் இழுக்கும்போது வோல்டேஜ் படுத்திடும், போதாக்குறைக்கு கசிஞ்சு தகட்டை அரிச்சிடும். கையேட்டுல "அல்கலைன் மட்டும்"னு எழுதியிருக்கிறது வியாபாரத் தந்திரம்னு நினைச்சேன். இல்லைங்க.

பலன்: 2025 பொங்கல் முடிஞ்சு திருநெல்வேலியிலேர்ந்து பஸ்ல வந்து, விடிகாலை அஞ்சேகால் மணிக்கு, ரெண்டு பை, ஒரு கட்டு கரும்பு, ஒரு பனங்கிழங்கு மூட்டையோட வாசல்ல நிக்கறோம். பூட்டு செத்துப் போச்சு. விளக்கே வரலை. "சாவி இருக்குல்ல?"னு தங்கமணி கேட்டாங்க. இருந்துச்சு. ரெண்டு சாவியும், பூட்டு வந்த அட்டைப் பெட்டியோடவே, வீட்டுக்குள்ள பீரோவுல பத்திரமா இருந்துச்சு.

அந்த பூட்டுக்கு கீழ்ப்பக்கம் ரெண்டு சின்ன உலோகப் புள்ளி இருக்கு. அதுல 9 வோல்ட் சதுர பேட்டரியை வச்சு அழுத்திப் பிடிச்சுக்கிட்டே நம்பர் அடிச்சா திறந்துக்கும். (புதுசா வர்றதுல மொபைல் சார்ஜர் மாட்ற மாதிரி துளை வச்சிருக்காங்க, அது உத்தமம்.) பேட்டரியை எடுத்துட்டா மறுபடி செத்திடும், அது சார்ஜ் ஆகாது, நிறைய பேர் இதைத் தப்பா புரிஞ்சுக்கறாங்க. ஆனா அஞ்சேகால் மணிக்கு 9 வோல்ட் பேட்டரிக்கு எங்க போக? அண்ணாச்சி கடை ஆறு மணிக்குத்தான். ஆறு மணிக்குப் போனா, "அதெல்லாம் இப்ப யாருப்பா வாங்குறா?"ன்னார். கடைசியில எதிர்வீட்டு தாத்தா, மின்வாரியத்துல இருந்து ஓய்வு பெற்றவர், அவரோட மல்டிமீட்டரைப் பிரிச்சு உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தார். "மீட்டர் இல்லாம வீட்டுல பூட்டு எதுக்கு வச்சிருக்க?"ன்னு ஒரு கேள்வி கேட்டார். பதில் இல்லை.

இப்ப ஒரு சாவி எங்க மாமனார் வீட்டுல, தாம்பரத்துல இருக்கு. 9 வோல்ட் பேட்டரி ஒண்ணு வண்டி சீட்டுக்கு அடியில. சாவித்துளையே இல்லாத பூட்டு அழகா இருக்குன்னு வாங்காதீங்க, அவ்வளவுதான் சொல்வேன்.

அதே மாதிரி, இன்டர்நெட்ல மாட்டி தானா அப்டேட் ஆகிற பூட்டும் வேணாம். 2017 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல லாக்ஸ்டேட்ங்கற கம்பெனி, ஒரு மாடலுக்கான ஃபர்ம்வேரை வேற மாடலுக்கு அனுப்பி சுமார் 500 பூட்டை ஊமையாக்கிடுச்சு. வீட்டை வாடகைக்கு விடற ஏர்பிஎன்பி ஆளுங்க நிறைய பேர் மாட்டிக்கிட்டாங்க. காத்து வழியா திருப்பி சரி பண்ண முடியாம, பூட்டோட பின்பக்கத்தைக் கழட்டி கம்பெனிக்கு அனுப்ப வேண்டியதாச்சு. வாரா வாரம் வெள்ளிக்கிழமை சாயந்திரம் டெப்ளாய் பண்ணி வாங்கிக் கட்டிக்கிறவன் நான். என்னை மாதிரி ஒருத்தன் எங்கேயோ உக்கார்ந்து என் வாசக்கதவுக்கு டெப்ளாய் பண்றதை நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

கைரேகைப் பூட்டு நல்லதா, நம்பர் பூட்டு நல்லதான்னும் கேக்கறாங்க. ரேஷன் கடையில கைரேகை விழாம திரும்பத் திரும்ப விரலைத் துடைச்சு வைக்கிற பாட்டிங்களை பார்த்திருப்பீங்க. பாத்திரம் தேய்க்கிற கை, சிமெண்ட் குழைக்கிற கையில எல்லாம் ரேகை தேய்ஞ்சுதான் இருக்கும். எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்காவுக்கு அதனாலதான் நம்பர் கொடுத்தோம். நாங்க ரெண்டு பேரும் ஒம்பது மணிக்கு கிளம்பிடுவோம், அவங்க ஒம்பதரைக்கு மேல வந்து வேலையை முடிச்சுட்டு சாத்திட்டுப் போவாங்க. முன்னாடி செக்யூரிட்டிகிட்ட சாவி கொடுத்துட்டுப் போகணும், அவர் டீ குடிக்கப் போயிருந்தா அவங்க காத்துக்கிட்டு நிக்கணும். தனக்குன்னு ஒரு நம்பர் கொடுத்தப்போ அவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். மக பிறந்த தேதியையே நம்பரா கேட்டாங்க. வேணாம்க்கான்னு வேற வச்சுக் கொடுத்தேன்.

இனிமேதான் அந்த சமாச்சாரம்.

பிப்ரவரி 2025, ஒரு வெள்ளிக்கிழமை காலையில தங்கமணி விளக்கேத்தப் போனப்போ சாமி அலமாரியில இருந்த வெள்ளி குங்குமச்சிமிழைக் காணோம். அவங்க பாட்டி கொடுத்தது. செவ்வாய்க்கிழமை இருந்துச்சுன்னு உறுதியா சொன்னாங்க. தேடினோம். அப்புறம் நான் பெருமையா மொபைலை எடுத்தேன். இந்தப் பூட்டுல யார் நம்பர் எப்ப அடிச்சாங்கன்னு பதிவாகும், புளூடூத்ல ஆப் மூலமா பார்க்கலாம். அக்காவோட நம்பரை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன்.

புதன் மத்தியானம் 3:10. வியாழன் மத்தியானம் 3:05. காலையில ஒண்ணுமே இல்லை.

மத்தியானம் மூணு மணிக்கு எங்க பிளாக்கே தூங்கும். ஒம்பதரைக்கு வர வேண்டியவங்க, சொல்லாம கொள்ளாம மூணு மணிக்கு வர்றாங்க. எனக்கு கண்ணு முன்னாடி கதை முழுசா ஓடிடுச்சு. அவங்க வந்ததும் கேட்டேன். கத்தல்லாம் இல்லை, ரொம்ப மரியாதையாதான் கேட்டேன், அதுதான் இன்னும் மோசம். "அக்கா, ரெண்டு நாளா எத்தனை மணிக்கு வந்தீங்க?"

"எப்பவும் போலதான் தம்பி. ஒம்பதே முக்கா இருக்கும்."

"மத்தியானம் வரலையா?"

"மத்தியானம் நான் அடுத்த தெருவுல சமையலுக்குப் போயிடுவேனே. ஏன் தம்பி?"

நான் மொபைலைக் காட்டினேன். "பூட்டுல மூணு மணின்னு காட்டுதேக்கா." அவங்க அந்தத் திரையைப் பார்த்தாங்க. அவங்களுக்கு அதுல என்ன தெரியும்? ஆனா நான் ஏன் கேக்கறேன்னு தெரிஞ்சுபோச்சு. கையில இருந்த விளக்குமாத்தை மூலையில சாத்தி வச்சுட்டு, "நான் காலைலதான் வந்தேன் தம்பி"ன்னு மறுபடி ஒரு தடவை சொன்னாங்க. அவ்வளவுதான். நான் "சரிக்கா"ன்னுட்டு ஆபீஸ் போயிட்டேன். மனசுக்குள்ள, பூட்டு ஏன் பொய் சொல்லப்போவுது?

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் தங்கமணி அந்த ஆப்பை முழுசா, வடிகட்டாம, உருட்டிப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. "ஏங்க, வியாழக்கிழமை ராத்திரி ஒண்ணே முக்காலுக்கு எங்க போயிட்டு வந்தீங்க?"

"யாரு? நானா?"

"உங்க நம்பர்தான். ஒண்ணு நாப்பத்தஞ்சு."

நான் புதன்கிழமை ராத்திரி எட்டே காலுக்கு வீட்டுக்கு வந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன். எட்டே காலுக்கும் ஒண்ணே முக்காலுக்கும் நடுவுல எவ்வளவு? அஞ்சரை மணி நேரம். அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சூடாயிடுச்சு. மிர்சாபூர் பக்கம் போற 82.5 டிகிரி தீர்க்கரேகையால நமக்கு வாய்ச்ச அதே அஞ்சரை. மூணு பத்துலேர்ந்து அஞ்சரையைக் கழிச்சா ஒம்பது நாப்பது.

நடந்தது இதுதான். பூட்டுக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. ஆப் அதை செட் பண்ணும்போது கிரீன்விச் நேரத்துல வைக்கும், காட்டும்போது அஞ்சரை கூட்டிக் காட்டும். சரியாதான் இருந்துச்சு. பொங்கல் முடிஞ்சு வந்த அன்னைக்கு பேட்டரி செத்ததுல நம்பர்களெல்லாம் அழியாம இருந்துச்சு, கடிகாரம் மட்டும் நின்னு போச்சு. புது பேட்டரி போட்டதும் கையேட்டைப் பார்த்து பட்டன் மூலமாவே நேரத்தை வச்சேன், நம்ம ஊர் நேரத்தை. அன்னைலேர்ந்து ஆப், நம்ம ஊர் நேரத்து மேல இன்னொரு அஞ்சரையைக் கூட்டிக் காட்டிக்கிட்டிருந்துச்சு. நான் ஆபீஸ்ல பணப் பரிவர்த்தனை சர்வர் வேலை பார்க்கறேன். மாசத்துக்கு ஒரு டைம்ஸோன் பக் என் மேசைக்கு வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு சம்பளம் கொடுக்கறாங்க.

காலையில ஒரு பதிவுமே இல்லையேன்னு அன்னைக்கே யோசிச்சிருக்கணும். என் நம்பரையும் சேர்த்துப் பார்த்திருந்தா பத்து விநாடியில தெரிஞ்சிருக்கும். ஆசாரி அண்ணன் கதவைத் திறந்து வச்சு சோதிச்ச மாதிரி, எனக்குத் தெரிஞ்ச ஒண்ணை வச்சு முதல்ல பூட்டைச் சோதிச்சிருக்கணும். நான் ஆளைச் சோதிச்சேன். கீழ போய் செக்யூரிட்டி அண்ணனோட நோட்டைப் பார்த்தேன். நாற்பது பக்க நோட்டு, பால்பாயிண்ட் பேனா, கோணல் கையெழுத்து. புதன் 9:35, வியாழன் 9:30. "இதெல்லாம் இந்தக் காலத்துல எதுக்கு"ன்னு அசோசியேஷன் கூட்டத்துல நான்தான் கிண்டல் பண்ணியிருந்தேன்.

ஆப்ல இருக்கிற அந்தப் பட்டியலை இன்னும் பல வீடுகள்ல தினமும் பார்க்கறாங்க. வேலைக்கு வர்றவங்க பத்து நிமிஷம் லேட்டா, சீக்கிரம் கிளம்பிட்டாங்களான்னு. எங்க பிளாக்குலயே ஒருத்தர் அதை வச்சு சம்பளம் பிடிச்சேன்னு பெருமையா சொன்னார். அந்தப் பட்டியல் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், இந்த எண் அடிக்கப்பட்டது. யார் அடிச்சாங்கன்னு அதுக்குத் தெரியாது. எப்ப அடிச்சாங்கங்கறதும், யாரோ ஒருத்தன் கடிகாரத்தை சரியா வச்சிருந்தாத்தான். அதை நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி ஒரு மனுஷி முன்னாடி நீட்டறது அயோக்கியத்தனம். முதல் ஆளா நான்தான் பண்ணினேன், அதனால சொல்ற யோக்கியதை எனக்கு இருக்கு. வாங்கறவங்க அந்தப் பதிவு வசதியை அணைச்சு வைக்க முடியுமான்னு பார்த்து வாங்குங்க. என் பூட்டுல முடியாது. அதனால ஆப்பை ரெண்டு மொபைல்லேர்ந்தும் தூக்கிட்டோம்.

திங்கட்கிழமை லீவு போட்டுட்டு காத்திருந்தேன். அக்கா வந்தாங்க. தப்பு என் மேலதான், கடிகாரத்தை நான் தப்பா வச்சுட்டேன், மன்னிச்சிடுங்கக்கான்னு சொன்னேன். அஞ்சரை மணி நேரக் கணக்கையும் விளக்க ஆரம்பிச்சேன், பாதியில எனக்கே அபத்தமா இருந்துச்சு, நிறுத்திட்டேன். "பரவால்ல தம்பி, வீட்டுல பொருள் போனா கேக்கத்தான் செய்வாங்க"ன்னாங்க. அப்புறம் பாத்திரம் தேய்ச்சாங்க. கிளம்பும்போது வாசல்ல நின்னு, "அந்த நம்பரை எடுத்துடுங்க தம்பி. எனக்கு வேணாம்"னாங்க.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தங்கமணியும் சொன்னாங்க. "நம்பர் இருந்தாதானே கேப்பீங்க"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க, ஆனா மாறலை. மாஸ்டர் நம்பர் அடிச்சு, அவங்க எதிர்லயே அவங்க நம்பரை அழிச்சேன். பூட்டு ரெண்டு தடவை கத்திச்சு.

சிமிழ் இன்னும் கிடைக்கலை. அக்கா இப்ப காலையில எட்டு மணிக்கு வர்றாங்க, நாங்க கிளம்பறதுக்குள்ள முடிச்சுட்டுப் போறதுக்காக முந்தின வீட்டு வேலையைத் தள்ளி வச்சிருக்காங்க. கதவு திறந்திருந்தாக்கூட உள்ளே வர்றதில்லை. வெளியே நின்னு பெல் அடிக்கறாங்க.